இரண்டரை மணித் துடிப்பு

ஜனவரி 9

தலைமை நர்ஸ் அம்மா அவர்களுக்கு,

மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறேன். கூடப்பிறந்தவள் இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். எந்தக் கூடப்பிறந்தவள் என்று கேட்பீர்கள். இஸ்திரி போடுகிறவள். நர்ஸ் படிப்பு மூன்று வருடமும் தினம் விடிந்ததும் உங்கள் வெள்ளை உடுப்பைக் கத்தி மடிப்பாகத் தேய்த்துக் கொடுத்தாளே, அவள்.

மார்ச் 14 காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரி மீட்டிங் ஹாலில் விசாரணை. நாங்கள் பெஞ்சுக்காரிகள் பதினாறு பேர் மனு மேல் மனு போட்டு வாங்கிய விசாரணை. பெஞ்சுக்காரிகளை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிய பிறகு முளைத்தவர்கள். பிரசவ வார்டு வாசலில் ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறதே, பெரிய டாக்டரின் சொந்த கிளினிக்கில் கொடுக்கும் மஞ்சள் அட்டை இல்லாதவர்கள் உட்காரும் பெஞ்சு, அதில் வலியோடு வந்து உட்காரும் எந்தப் பெண்ணுக்கும் பக்கத்தில் எங்களில் ஒருத்தி உட்காருவாள். கையில் கடிகாரம், மடியில் நோட்டு. இவள் வந்தது எத்தனை மணி, கூப்பிட்டது எத்தனை மணி, இவளைத் தாண்டி உள்ளே போன மஞ்சள் அட்டைகள் எத்தனை. எல்லாம் எழுதுவோம்.

மாதம் ஒரு முறை பெண்கள் சங்கத்திலிருந்து ஒருத்தி வருவாள். கண்ணாடிக்காரி என்போம். கேஸ் ஷீட்டை எப்படிப் படிப்பது, அதிகாரி கத்தினால் எழுந்திருக்காமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பாள். "நீங்கதாம்மா லீடர். நான் பின்னாடி நிப்பேன், முன்னாடி வரமாட்டேன்" என்பாள். சொன்னபடியே நிற்கிறாள்.

அவள் வழிகாட்டி, பிரசவத்தில் போன என் மகளின் கேஸ் ஷீட் நகல் போன மாதம் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "அறுவை சிகிச்சைக்குப் பெண்ணின் தாய் வாய்மொழியாக மறுத்தார்." எழுத்து உங்களுடையது. கீழே கையெழுத்தும் உங்களுடையது.

நான் மறுத்தேனா? என்னை யார் கேட்டது? ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மறுத்தவளிடம் கையெழுத்து வாங்காமல் வாய்மொழி என்று எழுதுவது எந்தப் படிப்பு? ஆஸ்பத்திரியில் அன்றே அந்த வரியை வாசித்துக் காட்டியதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை, "பெத்த பொண்ணையே கொன்னவங்க" என்று வாசலோடு என்னைத் திருப்பி அனுப்பினார். பேத்திக்கு இரண்டு வயது ஆகிறது. நான் இன்னும் தூக்கவில்லை.

விசாரணைக் குழு உங்களிடம் எழுத்தில் வாக்குமூலம் கேட்கும். அந்த வரி போக வேண்டும். போட்ட கையே அடிக்க வேண்டும்.

உங்கள் அக்கா என்று எழுத வரவில்லை. இஸ்திரிக்காரி.

ஜனவரி 21

அக்கா,

நீங்கள், உங்கள் என்று எழுதியிருக்கிறாய். செருப்பால் அடித்திருக்கலாம்.

அவள் உனக்கு மகள் என்றால் எனக்கும் மகள்தான். நம் வாலு. சித்தி சித்தி என்று என் முந்தானையைப் பிடித்துத் தொங்கியவள். அவள் போன அன்று எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றா நினைக்கிறாய்?

ஆனால் அந்த வார்டு உனக்குத் தெரியாது. அன்றைக்கு முப்பத்தெட்டு பிரசவம். நான், இன்னொருத்தி, ஒரு ஆயா. யாருக்குத் தண்ணீர் கொடுத்தேன், யாருக்கு ஊசி போட்டேன் என்பதே நினைவில்லை. கையெழுத்துப் போட்டவள் நான். முடிவு செய்தவள் நானில்லை. இதற்கு மேல் கடிதத்தில் எழுத முடியாது.

பணி ஓய்வுக்கு எனக்குப் பதினொரு மாதம் இருக்கிறது. பெரிய டாக்டர் இப்போது மாவட்டத்துக்கே அதிகாரி, மாற்றலாகி வந்த எனக்கும் அவர்தான் மேலதிகாரி. ஷீட்டில் இருப்பது இருக்கட்டும், விடு. அவள் திரும்பி வரப்போவதில்லை. மாப்பிள்ளையிடம் வேண்டுமானால் நான் போன் செய்து பேசுகிறேன்.

உன் தங்கை

பிப்ரவரி 3

தங்கச்சி,

போன கடிதத்தில் கொஞ்சம் காரம் கூடிவிட்டது. வயசு. அறுபத்திரண்டு முடிந்துவிட்டது, வாய் அடங்கமாட்டேன் என்கிறது.

உனக்கு ஒரு சிரிப்பு சொல்கிறேன். ஆஸ்பத்திரி கோட்டுகளெல்லாம் இன்றும் என் மேசைக்குத்தான் வருகின்றன. பெரிய டாக்டரின் கோட்டும்தான். போன மாதம் அவர் பெயர் தைத்திருக்கிற இடத்தில், சரியாக அந்த எழுத்துகள் மேல், பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைத் தையல்காரியிடம் பேச்சுக் கொடுத்தேன். முக்கோணமாக ஒரு கருகல். ஆள் அனுப்பிக் கேட்டார். "கண்ணு மங்கிப்போச்சு ஐயா" என்றேன். தையல்காரி சிரித்து சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பெஞ்சுக்காரிகளில் அவள்தான் வாயாடி.

இருக்கட்டும். நீ சொல்வதும் சரிதான். போனவள் போனாள். எனக்கு மனசு ஆற ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அவளைக் கவனிக்காமல் விடவில்லை, இல்லையா? ஷீட்டில் இரண்டரைக்கு குழந்தையின் துடிப்பு 140, மூன்று மணிக்கு 138 என்று இருக்கிறது. அதை எண்ணியது நீதானா? உன் கையாலா? ஆமாம் என்றால் உன் வாக்குமூலத்திலும் அதை எழுதிவிடு. எனக்கும் ஒரு நகல் அனுப்பு. சித்தி கைதான் கடைசியாக அவள் வயிற்றைத் தொட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

உன் கடிதத்தை ட்யூட்டி ரூமிலேயே படித்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் யாருக்கு என்ன ஆச்சு என்று பயந்துவிட்டாள். "ஒண்ணும் இல்ல, எங்க அக்கா பேசிட்டா" என்றேன்.

நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. மூன்றாவது பத்தியைப் பார்: "மதியம் 2.30 மணிக்கும் 3.00 மணிக்கும் பிரசவ வார்டில் நானே நேரில் கருவின் இதயத் துடிப்பை எண்ணிக் குறித்தேன்."

நான்காவது பத்தியில் அந்த மறுப்பு வரியையும் எழுதத்தான் வேண்டியிருந்தது. ஷீட்டில் ஒன்றும் வாக்குமூலத்தில் ஒன்றுமாக இருந்தால் இரண்டுமே போய்விடும் என்று பெரிய டாக்டர் போனில் சொன்னார். உன் மேல் பழி போட எழுதவில்லை அக்கா. உனக்குப் பதற்றத்தில் புரிந்திருக்காது என்றும் சேர்த்திருக்கிறேன். குழுவுக்கு நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கோட்டு விஷயம் படித்துச் சிரித்தேன். நீ மாறவே இல்லை.

உன் தங்கை

பிப்ரவரி 21

அடியே,

மாட்டினாய்.

ஐந்தாம் வகுப்புக்காரி விரித்த வலையில், மூன்று வருடம் படித்துச் சான்றிதழ்மேல் சான்றிதழாக வாங்கியவள் வந்து விழுந்தாய். உன் வாக்குமூலத்தை மூன்று முறை வாசித்தேன். கண்ணாடிக்காரியை வாசிக்கச் சொல்லி நான்காவது முறையும் கேட்டேன்.

இப்போது நான் சொல்கிறேன், கேள். அன்றைக்குப் பதினொரு மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்பது மஞ்சள் அட்டைகள் எங்களைத் தாண்டிப் போயின. இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நீ வெளியே வந்தாய். "அக்கா, நம்ம ஸ்கேன் மிஷின் ரிப்பேரு. எதிர்த் தெருவுல எடுத்துட்டு வந்துருங்க" என்றாய். நிறைமாசக்காரியை நடத்தித்தான் கூட்டிப் போனேன். தெருவைக் கடப்பதற்குள் மூன்று முறை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அந்த வலியிலும் அவனைத் திட்டினாள் என் மகள். திரும்பி வந்தபோது மணி மூன்று இருபது. ஸ்கேன்காரர், "துடிப்பு குறையுது, உடனே ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்றார். அந்த ரிப்போர்ட்டை உன் கையில்தான் கொடுத்தேன். இன்றைக்கு ஷீட்டில் அது இல்லை. பிறகும் பெஞ்சு. ஆறு மணி வரை பெஞ்சு. அதற்குப் பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள்; குழந்தை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை.

அப்படியென்றால் இரண்டரைக்கு யாருடைய துடிப்பை எண்ணினாய்? காலியாக இருந்த பெஞ்சின் துடிப்பையா?

ரிப்போர்ட் போனால் என்ன, அந்தக் கடையில் கொடுத்த டோக்கன் சீட்டு என் சுருக்குப்பையிலேயே தங்கிவிட்டது. அவள் பெயர், தேதி, நேரம் 2.41. மிஷின் அடித்த எழுத்து. அந்தக் கடை இப்போது செருப்புக் கடை ஆகிவிட்டது. ஆகட்டும். சீட்டு என் தகர டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. உன் பொய்யைப் பதிவுத் தபாலில் நீயே அனுப்பட்டும் என்றுதான் பொறுத்தேன். மார்ச் 14 அன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன்.

இப்போது சொல்லாமல் இருந்து, அன்றைக்கு எடுத்து வைத்து உன்னைத் திடுக்கிட வைத்திருக்கலாம். ஆனால் என் மகள் ஏழு மணி நேரம் காத்திருந்தாள். நீ மூன்று வாரம் காத்திரு. பெஞ்சில் உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

இஸ்திரிக்காரி

மார்ச் 2

அக்கா,

நான் என்ன எழுதினாலும் நீ இன்னொரு முறை வாசித்துக் காட்டப்போகிறாய். அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன்.

எங்கள் வார்டில் ஷீட்டை அந்தந்த நேரத்தில் யாரும் எழுதுவதில்லை. ட்யூட்டி முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து அரை மணிக்கு ஒன்றாக நிரப்புவோம். 140, 138, 142. கை தானாகவே எழுதும். அன்றும் இரவு ட்யூட்டிக்காரி வருவதற்குள் அப்படித்தான் நிரப்பினேன். நீங்கள் எதிர்த் தெருவில் இருந்தது நினைவுக்கே வரவில்லை. என் வாலுவின் ஷீட் என்று தெரிந்தும் கை அப்படித்தான் ஓடியது. இதைச் சொல்லத்தான் இரண்டு வருடமாக எனக்கு வாய் வரவில்லை.

மறுப்பு வரி அப்படி அல்ல. அதைப் பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஒன்று கேட்கிறேன். உனக்கு அந்த வரியை அடிக்க வேண்டுமா, என்னை அடிக்க வேண்டுமா? சொந்த கிளினிக்கில் இருந்துகொண்டு வராதவர் வெளியே இருப்பார், நான் உள்ளே இருப்பேன். உனக்கு அது போதுமா? நீ இத்தனையையும் முன்கூட்டியே எனக்கு எழுதியதும் தப்பு. உன் கடிதத்தை அவரிடம் காட்டியிருந்தால் ஆகும் வேலையே வேறு. காட்டவில்லை.

14ஆம் தேதி நான் வரமாட்டேன். மெடிக்கல் லீவு போட்டிருக்கிறேன்.

தங்கை

மார்ச் 16

தங்கச்சி,

வரமாட்டேன் என்றவள் வந்தாய். கடைசி வரிசையில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அடி வாங்கப் போகும்போதும் அப்படித்தான் உட்காருவாய், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

நீ பேசி முடித்துப் போய்விட்டாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைப் படித்து நீ வயிறு எரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று காலை ஏழு மணிக்கு அந்தச் சீட்டை எடுத்தேன். சுருக்குப்பையில் கசங்கிய சீட்டு, நடுவில் நான்கைந்து சுருக்கம். பெரிய மனிதர்கள் முன் வைக்கப்போகிற காகிதம், என் பிழைப்போ சுருக்கம் எடுப்பது. இந்தத் தெருவில் எனக்கு நிகராகச் சுருக்கம் எடுக்கிறவள் யார்? பெட்டி சூடாக இருந்தது. மேலே ஒரு துணியைப் போட்டு, ஒரே ஒரு இழுப்பு.

துணியை எடுத்தால் சீட்டு கறுப்பாக இருக்கிறது. எரியவில்லை, ஓட்டை இல்லை, புகை இல்லை. சுருக்கமே இல்லாமல் வழவழவென்று தோசைக்கல் மாதிரிக் கறுப்பு. ஒரு எழுத்து இல்லை. தையல்காரி ஓடி வந்து பார்த்து, "ஐயோ, இது சூடு பட்டா கறுத்துப்போற தாளு! பில்லு போடுற தாளு! இதைப் போயா தேச்சீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாற்பது வருடம் தேய்த்த கை. அவ்வளவு திமிர் அந்தக் கைக்கு.

உட்கார்ந்து அழ நேரமில்லை. கறுப்பை உள்ளே வைத்து நாலாக மடித்தேன். முதுகுப் பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. "வாடி போகலாம்" என்றேன்.

ஹாலில் நடந்தது நீயும் பார்த்ததுதான். முன் வரிசையில் பெரிய டாக்டர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். குழுத் தலைவி அம்மா உன் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, "இதுக்கு மாறா உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டார். நான் அந்த மடிப்பை மேசையில் வைத்து மேலே உள்ளங்கையை வைத்தேன். "இருக்கு. ஸ்கேன் கடை சீட்டு. நேரத்தோட இருக்கு" என்றேன். யாராவது கையை எடுக்கச் சொல்லியிருந்தால் நான் அந்த ஹாலிலேயே செத்திருப்பேன். பெஞ்சுக்காரிகள் பதினைந்து பேரும் என்னோடு போயிருப்பார்கள். "பொய்க் காகிதம் காட்டின கூட்டம்" என்ற பெயரோடு.

நீ எழுந்தாய். முகமூடியைக் கழற்றினாய்.

"அந்தச் சீட்டைப் பிரிக்க வேண்டாம்மா. அது உண்மை. ரெண்டு பத்துக்கு நான்தான் அவங்களை வெளியே அனுப்பினேன். ரெண்டரைத் துடிப்பு, மூணு மணித் துடிப்பு எல்லாம் நான் ராத்திரி எட்டு மணிக்கு எழுதினது. டாக்டருக்கு மூணு தடவை போன் பண்ணினேன். இன்னும் ரெண்டு மஞ்சள் அட்டை இருக்கு, முடிச்சிட்டு வரேன்னார். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஷீட்டுலேர்ந்து எடுக்கச் சொன்னார், எடுத்தேன். எங்க அக்கா மறுக்கல. எங்க அக்காவை யாரும் கேக்கவே இல்ல."

டாக்டரின் கால் நின்றது. அந்த ஒரு காட்சிக்கு இரண்டு வருடம் காத்திருந்தது தகும்.

குழுத் தலைவி சிவப்பு மையால் அந்த வரியை எங்கள் கண் முன்னாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். டாக்டரைப் பிரசவ வார்டு பக்கமே வரக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். மஞ்சள் அட்டையும் அன்றோடு செல்லாது என்று எழுதினார்கள். உன்னையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது தெரிகிறதா? உன்னை எழுப்பியது ஒரு கரித் தாள். ஒன்றும் இல்லாத காகிதத்தைக் காட்டி உன் பதினொரு மாதத்தையும் பறித்தேன். ஏமாந்தாய் தங்கச்சி. நன்றாக ஏமாந்தாய்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். வயிறு எரியவில்லை.

நீ கடிதத்தில் சீட்டைப் பற்றி எழுதிய முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் வார்டில் பழைய ஸ்கேன் சீட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெறும் வெள்ளை. அந்த மாதிரித் தாளில் வருஷம் திரும்புவதற்குள் எழுத்து மங்கி மறைந்துவிடும். தினமும் கையாளுகிற எனக்கு இது தெரியாதா? இரண்டு வருடத்துச் சீட்டில் எழுத்து எங்கே இருக்கப்போகிறது, அக்காவுக்குப் பார்வை குறைவு, இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது என் மேல் எனக்கே குமட்டியது.

மேசையில் நீ கையை அழுத்தி வைத்திருந்தாயே, அப்போதே தெரிந்தது. கையில் ஆதாரம் இருந்தால் நீ முகத்துக்கு நேரே நீட்டுவாய். மூடி வைக்கிற ஆளா நீ? அடியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் எழுந்தேன். அதனால்தான் பிரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

நீ என்னை ஏமாற்றவில்லை. இதில் மட்டும் உன்னை ஜெயிக்க விடமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

தங்கை

ஏப்ரல் 4

தங்கச்சி,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் பெட்டியைப் பற்றவைக்கவில்லை. துணிக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

தெரிந்தேதான் எழுந்தாய் என்றால் என் பழி எங்கே போனது? இரண்டு வருடம் பல்லைக் கடித்துச் சேர்த்து வைத்தது. நீயாகவே வந்து கழுத்தை நீட்டிவிட்டுப் போனால் அது பழியா? அதிலும் என்னை ஏமாற்றிவிட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இதே வேலை. நான் அடிக்கக் கையை ஓங்குவதற்குள் நீயே அழுதுவிடுவாய்.

நேற்று மாப்பிள்ளை வந்தார். மன்னிப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. பேத்தியை மேசை மேல் உட்கார வைத்துவிட்டு, "இவ துணியெல்லாம் கசங்கியிருக்கு" என்றார். அவ்வளவுதான். அவள் இஸ்திரிப் பெட்டியைத் தொட வந்தாள். "சுடும்" என்று கையைப் பிடித்தேன். அப்படித்தான் முதல் முறை தொட்டேன். மூக்கு அவள் அம்மாவுடையது. முறைப்பும் அவள் அம்மாவுடையதே.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மூன்று முறை போன் செய்தாய், சரி. நான்காவது முறை அந்த போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெஞ்சுக்கு வந்து, "அக்கா, இவளை வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் அம்மாவே அவள் துணியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீயும் மறக்கக் கூடாது. மறக்க விடமாட்டேன்.

உன் தண்டனையைக் குழு என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். நான் போடுவது வேறு. பெஞ்சுக்காரிகளிடம் கேட்டேன். ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். தையல்காரி, "வரட்டும், உள்ள நடக்குற திருட்டுத்தனம் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்றாள். கண்ணாடிக்காரி வழக்கம்போல, "நீங்க முடிவு பண்ணுங்கம்மா" என்றாள். பண்ணிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வா. வெள்ளை உடுப்பு வேண்டாம். என் மகள் உட்கார்ந்திருந்தாளே, சுவரோரம் மூன்றாவது இடம், அங்கே உட்கார். ஆறு மணி வரை எழுந்திருக்கக் கூடாது. அடுத்த திங்களும் அதேதான். உன் உடம்பில் தெம்பு இருக்கும்வரை எல்லாத் திங்களும் அதேதான். பக்கத்தில் வந்து உட்காரும் பெண் உன் கையைப் பிடித்தால் கொடு. அவள் யார், எந்தத் தெரு, அட்டை உண்டா என்று கேட்காதே. அவளுக்கு முடியவில்லை என்று உன் கைக்குத் தெரிந்தால், கதவை உடைத்தாவது கூப்பிடு. கதவை உடைத்த பழியை நான் ஏற்கிறேன்.

நோட்டு நான் தருகிறேன். பேனா நீ கொண்டு வா. இரண்டரைக்கு நடப்பதை இரண்டரைக்கே எழுது. ஒரு நிமிடம் தள்ளி எழுதினாலும் எனக்குத் தெரியும். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன், உன்னைப் பார்த்தபடி.

அக்கா